வானகிரிக் கரையில் கிடைத்த சிவப்புக் கல் அகேட்டா? உருளியில் போடலாமா?

பொறையாறு_அலை | நவம்பர் 9, இரவு 8.15

வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. போன வாரம் காற்றும் மழையும் ஓய்ந்த மறுநாள் வானகிரியில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். கடற்கரை அடையாளமே தெரியவில்லை. வழக்கமாக மணல் மேடாக இருக்கும் இடத்தை அலை இடுப்பு உயரத்துக்கு அரித்துக்கொண்டு போயிருந்தது. அதன் கீழே, அலை வந்து திரும்பும் இடத்தில், நீளவாக்கில் ஒரு பட்டை முழுக்கப் பொடிக்கற்கள். கறுப்பு ஓட்டுச்சில்லு, சிப்பி, செங்கல் துண்டு, நடுநடுவே கூழாங்கல்.

என் மகனுக்குப் பத்து வயது. கல் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அரை வாளி சேர்த்துவிட்டான். பெரும்பாலும் வெள்ளை, பழுப்பு, தேன் நிறம். ஒன்று மட்டும் தனியாகத் தெரிகிறது. புளியங்கொட்டை அளவு, ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. செல்போன் விளக்கை அடியில் வைத்தால் கல் முழுக்கத் தணல் மாதிரி ஒளிர்கிறது.

ஒன்றரைக் கிலோ கொள்ளும் ரப்பர் உருளை வைத்து, கற்களை உருட்டி மெருகேற்றும் சின்ன டம்ளர் மெஷின் ஒன்றை அவன் பிறந்தநாளுக்கு வாங்கியிருக்கிறோம். எல்லாக் கல்லையும் ஒன்றாகப் போட்டு உருட்டலாமா? இந்தச் சிவப்பு அகேட்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை | நவம்பர் 9, இரவு 9.40

சகோதரி, நான் கரூர்ப் பக்கம். கல் பார்ப்பதே என் பிழைப்பு. உங்கள் மற்ற கற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளையும் தேன் நிறமும் அநேகமாக வெங்கச்சாங்கல்தான், அதாவது குவார்ட்ஸ். காவிரிக் கரையில் பிறந்த யாருக்கும் தெரிந்த கல். சின்ன வயதில் இருட்டில் இரண்டை உரசிப் பார்த்திருப்பீர்கள், உள்ளே ஒரு மங்கல் வெளிச்சம் ஓடும்.

அகேட் பிறக்க எரிமலைப் பாறை வேண்டும். குழம்பு ஆறி இறுகும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயுக் குமிழிகள் குழிகளாக நின்றுவிடும். பிறகு பாறைக்குள் ஊறும் நீர் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுவந்து குழியின் சுவரில் படலம் படலமாகப் படிய வைக்கும். வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் வளையம் தெரிகிறதே, அதே மாதிரிதான் அகேட்டின் கோடுகளும். வெளிப்பாறை உதிர்ந்து மண்ணான பிறகு, கெட்டியான இந்த உருண்டை மட்டும் மிஞ்சி ஆற்றில் இறங்கும்.

நம் நாட்டில் அந்த மாதிரிப் பாறை தக்காணத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று பரவிக் கிடக்கிறது, சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் வழிந்த குழம்பு. அதனால்தான் நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளில் அகேட் கிடைக்கிறது. காவிரியின் பிறப்பு வேறு. தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. வழியெல்லாம் நைஸ், சார்னோகைட், கிரானைட். பெரும்பகுதி 250 கோடி ஆண்டு தாண்டிய பழம்பாறை. குமிழி வைத்த எரிமலைப் பாறை அதில் கிடையாது. வெங்கச்சாங்கல் நரம்புகள் மட்டும் ஏராளம்.

இன்னொன்று. ஆறு சமவெளிக்கு இறங்க இறங்க வேகம் குறைந்து, கனமான கல்லை மேலேயே விட்டுவிடும். கல்லணையைத் தாண்டி டெல்டாவுக்குள் வருவது மணலும் வண்டலும்தான். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் மேலிருந்து வரும் கல் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே உங்கள் சிவப்புக் கல் உண்மையிலேயே அகேட் என்றால், காவிரி அதைக் கொண்டுவரவில்லை. யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள்.

மாயவரம்_ஓரிகன் | நவம்பர் 10, காலை 6.05

கரூர் அண்ணன் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை. ஒன்பது ஆண்டாக அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துக் கடற்கரையை ஒட்டி இருக்கிறேன். இங்கே நியூபோர்ட் ஊரில் ஒரு கடற்கரைக்குப் பெயரே அகேட் பீச். கரையோரக் குன்றுகளில் எரிமலைப் பாறை இருப்பதால் அகேட் உதிர்ந்து நேராகக் கடலில் விழுகிறது. கோடையில் போனால் வெறும் மணல். குளிர்காலப் பெருங்காற்று மணலை உரித்துக்கொண்டு போனபிறகுதான் அடியிலிருக்கும் கூழாங்கல் திட்டு தலைகாட்டும். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகைக் காற்று செய்வதும் இதே வேலைதான். நீங்கள் போன நாள் சரியான நாள்.

இங்கே தேடும் விதத்தைச் சொல்கிறேன். தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில், சூரியன் தாழ்ந்திருக்கும்போது, சூரியனைப் பார்த்தபடி நடக்க வேண்டும். ஈரமான கற்களுக்கு நடுவே அகேட் மட்டும் உள்ளே விளக்கேற்றினாற்போல ஒளிரும். முதல் தடவை பார்த்தபோது நான் கத்தியே விட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று மாநில விதி உண்டு, அதையும் மதித்துத்தான் எடுக்கிறோம்.

உங்கள் கல்லுக்கு மூன்று சோதனை போதும். காய்கறிக் கத்தியின் முனையால் கீறிப் பாருங்கள், அகேட்டில் கீறல் விழாது. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை எண் கொடுத்துச் சொல்லும் மோஸ் அளவுகோலில் அகேட் 6.5 முதல் 7 வரை. கடல் தேய்த்த கண்ணாடித் துண்டாக இருந்தால் கடினம் சுமார் 5.5தான், அகேட்டின் முனை அதைக் கீறிவிடும். அடுத்து லென்ஸ் வைத்து உள்ளே பாருங்கள். கண்ணாடியில் உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழி தெரியும், அகேட்டில் தெரியாது. கடைசியாக உடைந்த இடம். வெங்கச்சாங்கல் பளிச்சென்று கண்ணாடி மாதிரி உடையும். அகேட் உடைந்த இடம் மெழுகுவர்த்தியை நகத்தால் சுரண்டின மாதிரி மங்கலாக மினுங்கும்.

நாகூர்_கப்பல் | நவம்பர் 10, காலை 11.20

அகேட்டை எங்கள் வீட்டில் அகீக் என்போம். என் வாப்பாவின் வெள்ளி மோதிரத்தில் இருந்தது, இப்போது என் விரலில். தர்கா கடைத்தெருவில் இன்றும் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். நீங்கள் சொல்லும் நிறம் அதே நிறம்தான். அதனால் மோதிரத்திலிருந்து விழுந்த கல்லாகவும் இருக்கலாம். மோதிரக் கல் என்றால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பாருங்கள்.

வடக்கே கிருஷ்ணா முகத்துவாரத்திலிருந்து கடல் நீரோட்டம் கொண்டுவந்திருக்க வாய்ப்புண்டா? மீன்பிடிக்கப் போகிறவர்கள் மழைக்காலத்தில் நீர் தெற்கே இழுக்கும் என்பார்கள்.

அமராவதிக்கரை | நவம்பர் 10, பகல் 1.00

மழைக்காலத்தில் தெற்கே இழுப்பது உண்மைதான். ஆனால் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் இந்தக் கரையில் மணல் வடக்கே போவதுதான் அதிகம். அதுவும் மணல்தான் நகரும். புளியங்கொட்டைக் கல் அத்தனை தூரம் வராது.

பொறையாறு_அலை | நவம்பர் 10, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்தோம். கத்தியால் கீறல் விழவில்லை, கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாகக் கல்லில் ஒட்டியது. குமிழி இல்லை. உடைந்த இடம் மெழுகு மாதிரியேதான் இருக்கிறது. மகன் குதிக்கிறான்.

நாகூர் அண்ணன் கேட்டதற்காக மறுபடி பார்த்தேன். தட்டையான பக்கம் இல்லை. பீப்பாய் மாதிரி, நடுவில் பருத்து முனையில் சிறுத்த வடிவம், அதில் நீளவாக்கில் பாதி போய்விட்டது. உடைந்த பக்கத்தின் நடுவில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஒரு பள்ளம் ஓடுகிறது. ஊதுபத்திக் குச்சியை வைத்தால் சரியாகப் படுக்கிறது. பள்ளம் நடுவில் மட்டும் ஒரு சின்னப் படி மாதிரி தட்டுகிறது, விரல் நகத்தில் தெரிகிறது. கடல் அரித்ததாக இருக்குமோ? எப்படியும் முதல் கட்டத்திலேயே இது தேய்ந்து சமமாகிவிடும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஓட்டலாம் என்றிருக்கிறோம்.

மண்மேடு | நவம்பர் 10, இரவு 9.32

அக்கா, தயவுசெய்து அதை மெஷினில் போடாதீர்கள். மற்றதைப் போடுங்கள், அதை மட்டும் எடுத்துத் தனியாகப் பஞ்சில் வையுங்கள்.

நான் தஞ்சாவூரில் தொல்லியல் படிக்கிறேன். நீங்கள் சொன்ன பள்ளம் துளையின் பாதி. அது கோத்து அணியச் செய்த மணி, நீளவாக்கில் பிளந்திருக்கிறது. நடுவில் நகத்தில் தட்டும் அந்தப் படிதான் எனக்கு உறுதியைத் தருகிறது. நீளமான மணியை ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் வெளியேறும் முனை சிதறும். அதனால் இரண்டு முனையிலிருந்தும் பாதி பாதி துளைப்பார்கள். இரண்டு துளையும் நடுவில் மயிரிழை விலகிச் சந்திக்கும். கடலுக்கு இந்த வேலை தெரியாது. யாரோ ஒருவர் வில்லை இழுத்து இழுத்துத் துரப்பணத்தைச் சுழற்றி, ஒரு முனையில் பாதி முடித்து, கல்லைத் திருப்பிப் பிடித்து மறு முனையில் தொடங்கியதன் தடம் உங்கள் நகத்தில் தட்டுகிறது.

கல்லுக்கு நாங்கள் எழுதும் பெயர் சூதுபவளம். அகேட்டும் அதுவும் ஒரே குடும்பம், கோடு இல்லாத சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம். குஜராத்தில் ரத்தன்பூர்ப் பக்கம் வெட்டியெடுக்கும்போது கல் பெரும்பாலும் மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருக்கும். வெயிலில் காயவைத்து, சட்டியில் போட்டு மெல்லச் சூடேற்றினால் கல்லிலுள்ள இரும்பு நிறம் மாறிச் சிவப்பாகும். காம்பாத் ஊரில் இன்றும் செய்கிறார்கள். உங்கள் மகனுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று சொல்கிறேன். அங்கே பழைய முறையில் மணிகளைப் பளபளப்பாக்க, தோல் பைக்குள் மணியும் சாணைத்தூளும் தண்ணீரும் போட்டுக் கட்டி, இருவர் எதிரெதிரே இருந்து நாள்கணக்கில் முன்னும் பின்னும் உருட்டுவார்கள். ரப்பர் உருளைக்குப் பதில் தோல் பை, மோட்டாருக்குப் பதில் கை.

கண்டெடுத்த இடத்தையும் பாருங்கள். பூம்புகார், வானகிரி, நெய்தவாசல் கரைகளில் அலை படும் இடத்திலேயே பழைய செங்கல் கட்டுமானமும் உறைகிணறும் கண்டறியப்பட்டிருக்கின்றன. கறுப்பு ஓட்டுச்சில்லு என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுவும் முக்கியம். ‘வடமலைப் பிறந்த மணியும் பொன்னும்’ புகாரின் தெருவில் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. காவிரியில் வந்து சேரும் நொய்யல் ஆற்றின் கரையில் கொடுமணலில், வேலை பாதியில் நின்ற சூதுபவள மணிகளே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கல் வெளியூர், கை நம் ஊர். கரூர் அண்ணன் சொன்ன “யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள்” என்பதுதான் சரி.

குடந்தை_லேத்து | நவம்பர் 11, காலை 7.45

தம்பி சொல்வது புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். உடைந்த ஒரு மணி. இவர்கள் எடுக்காவிட்டால் அடுத்த அலை எடுத்துக்கொண்டு போயிருக்கும். ஒரு பிள்ளை ஆசையாகக் கண்டுபிடித்தது. அதைப் பளபளப்பாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டால், செய்தவன் எதற்காகச் செய்தானோ அதுதானே நடக்கும்? அலமாரிக்குள் பூட்டி வைக்கவா செய்தான்?

மண்மேடு | நவம்பர் 11, காலை 10.20

அண்ணா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நானும் பல நாள் யோசித்ததுதான்.

கழுத்தில் போட்டுக்கொள்வதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. உருளியில் போடுவதில்தான். துளையின் உட்சுவரில் நுண்ணிய வளையக் கோடுகள் இருக்கும். எந்த மாதிரித் துரப்பணம், வைர முனை போட்டதா, மணற்பொடி வைத்துத் துளைத்ததா என்று நுண்நோக்கியில் அதை வைத்துத்தான் சொல்ல முடியும். கரடுமுரடான தூளோடு ஒரு வாரம் உருண்டால் அந்தக் கோடு போய்விடும். பிறகு அது வெறும் அழகான சிவப்புக் கல். முழு மணியில் துளைக்குள் பார்ப்பது கஷ்டம், பிளந்த மணிதான் எங்களுக்குத் திறந்த புத்தகம்.

சட்டமும் இருக்கிறது. நூறாண்டு தாண்டிய பொருள் 1972 சட்டப்படி தொல்பொருள். மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதையும் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. பயமுறுத்த இதை எழுதவில்லை. பூம்புகாரிலேயே மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், அதாவது தொல்பொருள் அருங்காட்சியகம், இருக்கிறது. நேராகப் போய்க் காட்டுங்கள். எடுத்த இடத்தைச் செல்போனில் குறித்து, கூடக் கிடந்த ஓட்டுச்சில்லின் படத்தையும் கொண்டுபோங்கள்.

வல்லத்தார் | நவம்பர் 11, மாலை 5.30

வெங்கச்சாங்கல்தானே என்று அந்த அரை வாளியை யாரும் மதிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. ஊர் வல்லம், தஞ்சாவூருக்கு மேற்கே, செம்மண் மேடு. மழை பெய்து மண் கரைந்தால் கப்பி ரோட்டோரம் கூழாங்கல் தெரியும். அதில் சில உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிந்த படிகம். அந்தக் கல்லை அறுத்து, இழைத்து, மூக்குக் கண்ணாடி செய்தார்கள். வல்லம் கல் கண்ணாடி என்றால் ஒரு காலத்தில் சென்னை வரை பெயர். வெள்ளைக்காரன் காலத்து மாவட்டக் குறிப்புகளிலும் எழுதியிருக்கிறார்கள்.

என் தாத்தாவிடம் ஒன்று இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சாதாரணக் கண்ணாடி கைச்சூட்டில் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும், இது கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று நிற்கும். அதனால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நம்பினார்கள். அறுபது வருடம் வேட்டி நுனியால் துடைத்தும் அதில் கீறல் விழவில்லை. தூசியில் இருப்பதும் அதே குவார்ட்ஸ்தானே, தன்னைத் தானே கீறுவது லேசில்லை.

இழைக்கும் தூளுக்குக் குருந்தம். கடினம் 9. ஆங்கிலத்தில் இந்தக் கல்லுக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கும். சந்திரயான்-2 இறங்குவதைச் சோதிக்க நிலவு மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டபோது அதே சித்தம்பூண்டிப் பாறையைத்தான் அரைத்துக் கொண்டுபோனார்கள். குருந்தத் தூளை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் வார்ப்பார்கள். இப்போது வல்லத்தில் அந்தத் தொழில் இல்லை. எனக்கு அது ஆறாத குறை.

அம்மா, உன் பிள்ளையிடம் சொல். அந்த வாளியில் தெளிந்த கல் ஒன்றாவது இருக்கும். தண்ணீரில் நனைத்து வெயிலுக்கு எதிரே பிடித்தால் தெரியும்.

பொறையாறு_அலை | நவம்பர் 11, இரவு 10.05

ஐயா, படித்துவிட்டு மகனை எழுப்பிக் காட்டினேன். இரவு பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து எல்லாவற்றையும் நனைத்துப் பார்த்தோம். நான்கு கிடைத்தன. ஒன்று சுண்டைக்காய் அளவு, எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து தெரிகிறது.

சிவப்பு மணியைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். அகழ்வைப்பகத்துக்கு விடுமுறை நாளில் போகிறோம். எடுத்த இடம் பெரியம்மாவுக்குத் தெரியும்.

இனி மற்றக் கற்களுக்கு வழி சொல்லுங்கள். கூடவே சிப்பி, ஓட்டுத் துண்டு எல்லாம் போட்டால் என்ன ஆகும்?

குடந்தை_லேத்து | நவம்பர் 12, காலை 6.50

சரி, இது என் பாடம். பாத்திரப் பட்டறைக்கு லேத்து வேலை செய்கிறவன், மெருகு போடுவதே என் சோறு. நான் சொந்தமாகச் செய்த உருளி நான்கு அங்குல பிவிசி குழாய், உள்ளே சைக்கிள் டியூப் ஒட்டியது. முதலில் தையல் மெஷின் மோட்டார் போட்டேன், இரண்டே நாளில் சூடேறிப் புகைந்தது. இரவு பகல் நிற்காமல் ஓட அது செய்யப்பட்டதில்லை. இப்போது கியர் மோட்டார், உருளை நிமிடத்துக்கு 50, 60 சுற்று. வேகம் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். கல் சுவரோடு ஒட்டிச் சுற்றி மேலிருந்து விழும், ஒன்றையொன்று உடைக்கும். ஒன்றன்மேல் ஒன்று சரிந்து வழிய வேண்டும், அந்தச் சத்தம் மழை பெய்கிற மாதிரி ஒரே சீராகக் கேட்கும். டக் டக் என்று கேட்டால் ஏதோ குறைகிறது என்று அர்த்தம்.

ஒரே கடினம் உள்ள கல்லைத்தான் ஒன்றாகப் போட வேண்டும். சிப்பியும் ஓடும் குவார்ட்ஸோடு போனால் இரண்டே நாளில் சேறாகும். சந்தேகமான கல்லில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு வகை, வெளியே எடுங்கள். கடல் உப்புப் போக ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறட்டும். விரிசல் உள்ளதைக் கழியுங்கள். பெரிது சிறிது கலந்து உருளையில் முக்கால் பங்கு நிரப்புங்கள். கல் குறைந்தால் பீங்கான் உருண்டை போட்டு நிரப்பலாம். தண்ணீர் மேல்வரிசைக் கல்லின் இடுப்பு வரை. 80-ஆம் நம்பர் கார்பரண்டம் என்கிற சாணைத்தூள் இரண்டு மேசைக்கரண்டி, நம்பர் கூடக் கூடத் தூள் நைசாகும். ஏழு நாள். கல்லைப் பாருங்கள், பள்ளம் இருந்தால் புதுத் தூள் போட்டு இன்னும் ஏழு நாள். பிறகு 220, பிறகு 500, ஒவ்வொன்றும் ஒரு வாரம். கடைசியில் சீரியம் ஆக்சைடு, கண்ணாடி மெருகு போடும் கடையில் கிடைக்கும். வண்டி மெக்கானிக் வைத்திருக்கும் வால்வு பேஸ்ட் வேண்டாம், அது எண்ணெயில் குழைத்தது.

கரண்ட் போனால் கவலை இல்லை, வந்ததும் தானே ஓடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து மூடுங்கள். உள்ளே வாயு சேர்ந்து மூடி பிதுங்கும்.

மாயவரம்_ஓரிகன் | நவம்பர் 12, இரவு 8.20

ஒரு மாற்றுக் கருத்து. கடற்கரைக் கல்லைக் கடல் ஏற்கெனவே உருட்டிவிட்டது. 80-ஐ விட்டுவிட்டு 220-லிருந்து தொடங்கினால் கல் சிறுக்காது, ஒரு வாரமும் மிச்சம். நான் இங்கே அகேட்டை அப்படித்தான் செய்கிறேன்.

குடந்தை_லேத்து | நவம்பர் 12, இரவு 9.00

உருண்டையாக இருப்பது வேறு, மேல்தோல் நன்றாக இருப்பது வேறு. கடலில் கல்லும் கல்லும் மோதிய இடத்திலெல்லாம் பிறை பிறையாக நகக்குறி மாதிரி கீறல் இறங்கியிருக்கும். லென்ஸில் பாருங்கள். அதை எடுக்காமல் மெருகுக்குப் போனால் அந்தக் குறிக்குள் தூள் தங்கி, அடுத்த கட்டம் முழுவதையும் கெடுக்கும். ஒளிரும் அகேட்டுக்கு உங்கள் வழி ஒத்துவரலாம். வெங்கச்சாங்கல் அப்படி விடாது.

நாகூர்_கப்பல் | நவம்பர் 13, காலை 9.15

இரண்டு விஷயம், இரண்டும் அனுபவத்தில் சொல்வது. கழுவிய சேற்றைச் சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள். சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், எங்கள் வீட்டில் தரையை உடைத்துத்தான் குழாயை மாற்றினோம். வாளியில் தெளியவிட்டு, நீரைச் செடியில்லாத மண்ணில் ஊற்றி, அடிச்சேற்றைத் தனியாகக் காயவிடாமல் ஈரமாகவே கட்டிப் போடுங்கள்.

காயவிடாமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்ந்த சிலிக்கா தூசி நுரையீரலுக்கு எமன். காம்பாத்தில் அகேட் இழைக்கும் எத்தனையோ தொழிலாளர்கள் சிலிக்கோசிஸ் வந்து இளவயதில் போயிருக்கிறார்கள். என் விரலில் இருக்கும் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. மெஷினுக்குள் எல்லாம் ஈரமாக இருப்பதால் ஆபத்தில்லை. பிள்ளை தூளைக் கரண்டியால் போடும்போதும், கொட்டிய சேறு தரையில் காயும்போதும்தான் கவனம். துணியால் ஈரமாகத் துடையுங்கள், பெருக்காதீர்கள்.

பொறையாறு_அலை | டிசம்பர் 22, மாலை 6.40

ஐந்து வாரம் ஓடிவிட்டது. லேத்து அண்ணன் சொன்னபடி 80-ல் இரண்டு வாரம், பிறகு 220, 500, சீரியம். இன்று திறந்தோம். ஈரத்தில் அற்புதமாக இருக்கிறது. துடைத்துக் காய்ந்ததும் மேலே புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். மகன் முகம் வாடிவிட்டது. எங்கே தவறு?

மாயவரம்_ஓரிகன் | டிசம்பர் 22, இரவு 10.30

500 தூள் கொஞ்சம் மெருகுக் கட்டத்துக்குள் வந்துவிட்டது. உருளையின் மூடி விளிம்பு, ரப்பர் மடிப்பு இரண்டையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தீர்களா? பள்ளமுள்ள கல் ஏதாவது உள்ளே இருந்ததா? அதை வெளியே எடுங்கள். 500-க்குத் திரும்பிப் போய் ஒரு வாரம், பிறகு துளி சோப்புத்தூளும் தண்ணீரும் மட்டும் போட்டு அரை நாள் ஓட்டிக் கழுவுங்கள், பிறகு மெருகு. லேத்து அண்ணனிடம் நான் தோற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன், என் அகேட்களில் பாதியில் அந்தப் பிறைக்குறி இருக்கிறது.

பொறையாறு_அலை | டிசம்பர் 27, இரவு 7.50

பள்ளத்தோடு இரண்டு கல் இருந்தது உண்மை. எடுத்துவிட்டோம். 500 ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று 26-ஆம் தேதி, சுனாமி நினைவு நாள், பெரியம்மாவோடு கரைக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தோம். அன்றைக்கு அவன் ஒரு கல்லும் பொறுக்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை.

பொறையாறு_அலை | ஜனவரி 8, இரவு 9.00

திங்கட்கிழமை திறந்தோம். இந்த முறை காய்ந்த பிறகும் ஈரமாகவே தெரிகிறது. தேன் நிறக் கல் ஒன்றுக்குள் மெல்லிய சிவப்பு இழை ஒன்று ஓடுவது இப்போதுதான் கண்ணில் பட்டது. வாளியில் கிடந்தபோது அது வெறும் பழுப்பு. தெளிந்த நான்கில் மூன்று நன்றாக வந்தன, ஒன்று முதல் வாரத்திலேயே பிளந்துவிட்டது. சுண்டைக்காய்க் கல்லை வல்லத்து ஐயாவுக்கு அனுப்ப வேண்டுமாம், முகவரியைத் தனிச்செய்தியில் தாருங்கள் ஐயா. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, ஜில்லுன்னு இருக்கு” என்றான்.

சனிக்கிழமை பூம்புகார் போய் மணியைக் காட்டினோம். அங்கிருந்த அம்மா லென்ஸ் எடுத்து அவன் கையிலேயே கொடுத்துத் துளைக்குள் பார்க்கச் சொன்னார். வளையக் கோடுகளை அவனே எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டான். எடுத்த இடத்தையும் ஓட்டுச்சில்லுப் படங்களையும் எழுதி வாங்கிக்கொண்டு, கிடைத்த நாளையும் அவன் பெயரையும் பதிவேட்டில் குறித்தார்கள். மணி அங்கேயே இருக்கிறது. தீப்பெட்டியை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கி வந்துவிட்டான், அதில் இப்போது சிவப்பு இழைக் கல் இருக்கிறது.

வல்லத்தார் | ஜனவரி 9, காலை 5.50

முகவரி அனுப்பியிருக்கிறேன் அம்மா. தபாலில் போடும்போது பஞ்சு வைக்கச் சொல், முனை தட்டிவிடப் போகிறது.